நீட் உயிரியல்: 240-இல் நின்றுவிட்ட மதிப்பெண்ணை நகர்த்துவது எப்படி?

கேள்வி இது: "மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் +2 படிக்கிறேன். நீட் உயிரியலுக்காக என்சிஇஆர்டி புத்தகங்களை இரண்டு முறை படித்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வுகளில் 360-க்கு 240-ஐத் தாண்ட முடியவில்லை. 330 எடுக்க ஆசை. இன்னும் எந்தப் புத்தகம் வாங்க வேண்டும்? எத்தனை முறை படிக்க வேண்டும்? தமிழ்வழி என்பது பின்னடைவா?"

தம்பி, புத்தகம் வாங்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள். உங்கள் அலமாரியில் இருப்பதே போதும். ஒரு காகிதத்தை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

உயிரியலில் 90 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். எல்லா வினாவுக்கும் விடை குறித்து 240 வாங்குகிறீர்கள் என்றால், 66 சரி, 24 தவறு. 330 வாங்க 84 சரி, 6 தவறு இருந்தால் போதும். இரண்டுக்கும் இடையே இருப்பது வெறும் 18 வினாக்கள். உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: அந்தப் பதினெட்டும் எப்படிப்பட்ட வினாக்கள்? பாடத்தைத் தொடாத ஒருவரின் மதிப்பெண் 240 அல்ல. படித்திருக்கிறீர்கள், படித்ததெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது.

விலங்கியல் ஆசிரியராக இருந்து, மாதிரித் தேர்வுத் தாள்களை மாணவர்களோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது: தவறுகள் மூன்று குவியலாக விழும். பாடமே தெரியாதவை ஒரு குவியல். தெரியும், ஆனால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு குழம்பியவை இரண்டாவது. "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்க, சரியான கூற்றைக் குறித்துவிட்டு வந்தவை மூன்றாவது. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு முதல் குவியல் சின்னதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருக்கும். ஆனால் படிக்கும்போது எல்லோரும் முதல் குவியலுக்குத்தான் மருந்து தேடுகிறார்கள். அதனால்தான் மூன்றாவது முறை, நான்காவது முறை படித்தும் மதிப்பெண் அசைவதில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிவிடும். பழகிய பக்கத்தைத் தெரிந்த பக்கம் என்று மனம் எடுத்துக்கொள்ளும். தேர்வு அறையில் நான்கு விடைகளும் பழகியவையாகவே தெரியும்போதுதான் சிக்கல் புரியும்.

உதாரணத்துக்கு நுண்ணுயிரிகள் மனித நலனில் என்ற பாடம். சின்னப் பாடம், எளிதான பாடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரே பத்தியில் மூன்று பொருள்கள் வரும்: ஸ்ட்ரெப்டோகைனேஸ், சைக்ளோஸ்போரின்-ஏ, ஸ்டேட்டின். முதலாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவில் இருந்து கிடைக்கிறது, இரத்தக்குழாயில் உறைந்த கட்டியைக் கரைக்கிறது. இரண்டாவது டிரைக்கோடெர்மா பாலிஸ்போரம் என்ற பூஞ்சையில் இருந்து, உறுப்பு மாற்று நோயாளிகளின் நோய் எதிர்ப்பை அடக்க. மூன்றாவது மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்ற ஈஸ்டில் இருந்து, கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்க. படிக்கும்போது இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் வினா வரும் விதம் வேறு. இடப்பக்கம் நான்கு உயிரிகள், வலப்பக்கம் நான்கு பொருள்கள் அல்லது பயன்கள். நான்காவதாக சிட்ரிக் அமிலம் தரும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரையும் சேர்த்துவிடுவார்கள். மூன்றைத் தனித்தனியே "கேள்விப்பட்ட" மாணவர் இங்கே தடுமாறுவார். மூன்றையும் அருகருகே வைத்து, எது பாக்டீரியா, எது ஈஸ்ட், எது இழைப்பூஞ்சை என்று ஒரு முறை எழுதிப் பார்த்தவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு நகர்வார்.

இப்படிப்பட்ட அண்டை வீடுகள் பாடம் முழுவதும் இருக்கின்றன. மியாசிஸ் என்ற குன்றல் பகுப்பின் முதல் நிலையில் சைகோடீனில் ஒத்த குரோமோசோம்கள் இணைகின்றன, பாக்கிடீனில் குறுக்கேற்றம், டிப்ளோடீனில் அந்த இணைப்பு கரைந்து கயாஸ்மாக்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, டையாகைனசிஸில் அவை முனைகளுக்கு நகர்ந்து முடிகின்றன. குறுக்கேற்றம் நடப்பது ஒரு நிலை, அதன் அடையாளம் தெரிவது அடுத்த நிலை. வினா இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சி4 தாவரங்களில் ரூபிஸ்கோ நொதி இருப்பது கற்றை உறைச் செல்களில். இலையிடைத் திசுச் செல்களில் அது இல்லை. சி3 தாவரத்தில் இலையிடைத் திசுவில்தான் இருக்கிறது. கருத்தடைச் சாதனங்களில் லிப்பஸ் லூப் மருந்து சேராதது, காப்பர்-டி தாமிர அயனிகளை வெளியிடுவது, புரோஜெஸ்டாசெர்ட் ஹார்மோனை வெளியிடுவது. சிறுநீரகத்தில் ரெனின்-ஆஞ்சியோடென்சின் இரத்த அழுத்தத்தை ஏற்ற, இதயத்தில் இருந்து வரும் ஏஎன்எஃப் என்ற ஹார்மோன் அதை இறக்குகிறது. ஜோடியாக, மும்மூன்றாகப் படித்தால் நிற்கும். ஒற்றையாகப் படித்தால் தேர்வு அன்று கலையும்.

ஆகவே என் முறை இது. ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடி வையுங்கள். வெள்ளைத் தாளில் அந்தப் பாடத்தில் குழம்பக்கூடியவற்றை மட்டும் அட்டவணையாக எழுதுங்கள். மொத்தக் குறிப்பு எழுத வேண்டாம். புத்தகத்தைப் பார்த்து அழகான கையெழுத்தில் குறிப்பேடு தயாரிப்பது கைக்கு மட்டும்தான் வேலை. எழுதி முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பானதையும் சிவப்பில் திருத்துங்கள். மூன்று நாள் கழித்து அதே பாடத்துக்கு மறுபடி வெள்ளைத் தாள். இந்த முறை சிவப்பு பாதியாகக் குறைந்திருக்கும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும், "இரண்டு முறை படித்தும் ஒன்றும் வரவில்லையே" என்று. அந்த எரிச்சல் மாதிரித் தேர்வு அன்று வராமல் இன்றே வருகிறது, அவ்வளவுதான்.

எத்தனை முறை படிப்பது என்று கேட்டீர்கள். திருத்தப்பட்ட என்சிஇஆர்டியில் 11-ஆம் வகுப்புக்கு 19 பாடம், 12-க்கு 13 பாடம், மொத்தம் 32. இதை வாசிப்பது இன்னும் ஒரே ஒரு முறை போதும், ஆனால் மெதுவாக: படத்தின் பெயர்க்குறிப்புகள், அட்டவணைகள், படத்தின் கீழே உள்ள வரி உட்பட. பாதிப் பேர் படங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகரந்தப்பையின் குறுக்குவெட்டு, தாவரச் சூலுக்குள் இருக்கும் கருப்பையின் ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும், நெஃப்ரானின் பகுதிகள், நியூக்ளியோசோம் ஆகியவற்றைப் பார்க்காமல் வரைய வர வேண்டும். அழகு தேவையில்லை, இடம் சரியாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு வாசிப்பு வேண்டாம், நினைவுகூர்தலும் வினாப் பயிற்சியும் மட்டும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்கள் என்றால் மனப்பாடம் என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். சுவாசக் கொள்ளளவுகளைப் பாருங்கள். சாதாரணமாக உள்ளிழுத்து வெளிவிடும் காற்று 500 மில்லி. அதற்கு மேல் முயன்று இழுக்கக்கூடியது 2500 முதல் 3000. முயன்று வெளியேற்றக்கூடியது 1000 முதல் 1100. எவ்வளவு முயன்றாலும் நுரையீரலிலேயே தங்கிவிடுவது 1100 முதல் 1200. இந்த நான்கு மட்டும் மனதில் இருந்தால் போதும். மற்ற கொள்ளளவுகள் எல்லாம் கூட்டல். உயிர்ப்புத்திறன் என்பது ஒருவர் ஆழ இழுத்து முழுதாக ஊதித் தள்ளக்கூடிய காற்று. எஞ்சிய காற்றை ஊதித் தள்ள முடியாது. ஆகவே உயிர்ப்புத்திறனில் முதல் மூன்றும் சேரும், நான்காவது சேராது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் மறந்தாலும் விடை வரும். அதேபோல இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றுவது 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் ஏறத்தாழ 5 லிட்டர். சிறுநீரகத்தில் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டப்படுகிறது, ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஒன்று தெரிந்தால் மற்றதை ஓரத்தில் பெருக்கி எடுக்கலாம்.

உயிரியலில் கணக்கே வராது என்று நினைப்பதால் கைவிடப்படும் மதிப்பெண்கள் உண்டு. எனக்குப் பிடித்த சில வகைகள்: நூறு விதைகள் உருவாக எத்தனை மியாசிஸ் பகுப்புகள் வேண்டும்? ஒரு நுண்வித்துத் தாய் செல் நான்கு மகரந்தத்தூள்களைத் தரும், ஆகவே ஆண் பக்கம் 25. பெருவித்துத் தாய் செல்லில் நான்கில் மூன்று அழிந்து ஒன்றே மிஞ்சும், ஆகவே பெண் பக்கம் 100. மொத்தம் 125. இலைச் செல்லில் இரண்டு தொகுதியாக 24 குரோமோசோம் என்றால், மூன்று தொகுதி கொண்ட கருவூண் திசுவில் 36. டிஎன்ஏ-யில் அடினைன் 30 சதவீதம் என்றால் தைமினும் 30, மீதமுள்ள 40-ஐ குவானைனும் சைட்டோசினும் சரிபாதியாகப் பிரிக்கும். ஒடுங்கு பண்பு 16 சதவீதம் பேரிடம் தெரிகிறது என்றால், ஹார்டி–வீன்பெர்க் விதிப்படி அந்த அல்லீலின் நிகழ்வெண் 0.4, மற்றது 0.6, ஹெட்டிரோசைகஸ் உயிரிகள் 48 சதவீதம். மனித உடல் செல் ஒன்றில் 660 கோடி கார இணைகள், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 0.34 நானோமீட்டர், பெருக்கினால் டிஎன்ஏ-யின் நீளம் ஏறத்தாழ 2.2 மீட்டர். இவற்றில் ஒன்றுகூட ஆறாம் வகுப்புக் கணக்கைத் தாண்டவில்லை. மரபுவழி வரைபட வினாக்களும் அப்படித்தான்: நிறக்குருடு உள்ள தாய்க்கும் இயல்பான தந்தைக்கும் பிறக்கும் மகன்கள் எல்லோருக்கும் நிறக்குருடு இருக்கும், மகள்கள் எல்லோரும் கடத்திகள். இதை ஒரு முறை கட்டம் போட்டுப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

எந்த அலகுக்கு அதிக நேரம் என்றால், மரபியல்-பரிணாமம், மனித உடற்செயலியல், இரண்டுக்கும் அடுத்து இனப்பெருக்கம். சூழலியலைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளி வைக்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. உழைப்புக்கு உடனே பலன் தரும் அலகு அதுதான், தள்ளிவைக்க வேண்டாம்.

இப்போது பாடத்திட்டம். 2024 தேர்வுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைத் திருத்தியது. செரிமானம், தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், உணவு உற்பத்திப் பெருக்கம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் ஆகிய பழைய பாடங்கள் போய்விட்டன. மூத்த மாணவரிடம் இருந்து இரவல் வாங்கிய பழைய பதிப்பில் அவை இருக்கும். அவற்றில் நேரம் போக்காதீர்கள். நேர்மாறான சங்கடமும் உண்டு. விலங்குத் திசுக்கள் புதிய என்சிஇஆர்டியில் இருந்து நீக்கப்பட்டுவிட்டன, ஆனால் நீட் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என்ற ஐந்து தாவரக் குடும்பங்களும் அப்படியே. புத்தகத்தை மட்டும் நம்பியவர் இந்த இடங்களில் வெறுங்கையோடு நிற்பார். ஆணையத்தின் பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டி, ஒவ்வொரு வரியாகப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இது ஒரு மாலை வேலை.

இங்கேதான் உங்கள் மாநிலப் பாடநூல் கைகொடுக்கும். 11-ஆம் வகுப்பு விலங்கியலில் திசுக்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது, தெளிவாகவும் எழுதியிருக்கிறார்கள். நம் பாடநூல் நீட்டுக்கு உதவாது என்று சொல்பவர்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை என்பது என் சந்தேகம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இரண்டு நூல்களும் எடுத்துக்காட்டிலோ எண்ணிலோ முரண்படும் இடத்தில் நீட்டுக்கு என்சிஇஆர்டியைப் பின்பற்றுங்கள். தவளை என்றால் நம் நூலில் ரானா ஹெக்சாடாக்டைலா, அங்கே ரானா டைக்ரினா. இப்படிப்பட்ட முரண்களை என்சிஇஆர்டியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், பொதுத்தேர்வுக்கு ஒன்று, நீட்டுக்கு ஒன்று என்று குழப்பமில்லாமல் எழுதலாம்.

தமிழ்வழி பின்னடைவா என்ற கேள்விக்கு வருகிறேன். பாடத்தைப் புரிந்துகொள்வதில் பின்னடைவே இல்லை. தாய்மொழியில் ஒளிச்சேர்க்கையைப் படித்தவர் ஆங்கிலத்தில் ஒப்பித்தவரைவிடத் தெளிவாகவே பேசுகிறார். வினாத்தாளில்தான் சிக்கல். தமிழ் என்று தேர்வு செய்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, பிழை இருந்தாலும் நமக்கு ஈடு கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் இரு மொழியிலும் அறிந்து வையுங்கள். உங்கள் வெள்ளைத் தாள் அட்டவணையில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதினால் தனி உழைப்பே வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே என்சிஇஆர்டியைப் படித்திருப்பதால் பாதிச் சொற்கள் கண்ணுக்குப் பழக்கமாகவே இருக்கும். தேர்வில் தமிழில் வாசியுங்கள். ஒரு சொல் இடறினால் உடனே எதிரே உள்ள ஆங்கில வரியைப் பாருங்கள். மாதிரித் தேர்வும் இருமொழித் தாளாக இருந்தால் இந்தப் பழக்கம் தானாக வரும்.

வினாப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டுத் தாள்களே முதல் தரம். 2021 முதல் 2024 வரை தாளில் 200 வினாக்கள், சிலவற்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாம், நேரம் 2021-இல் 3 மணி, 2022 முதல் 2024 வரை 3 மணி 20 நிமிடம். 2025 முதல் மறுபடி 180 வினா, 180 நிமிடம், விருப்பத் தேர்வு கிடையாது. பழைய தாளை எடுத்து அந்தக் கால நேரக் கணக்கில் பயிற்சி செய்துவிட்டு, "எனக்கு நேரம் போதுகிறது" என்று ஏமாந்துவிடாதீர்கள். கூற்று–காரணம், பொருத்துக, "இரண்டு கூற்றுகளில் எது சரி" போன்ற நீளமான வினாக்களுக்கு வாசிக்கவே நேரம் பிடிக்கும். 90 உயிரியல் வினாக்களை 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். இயற்பியலுக்கு நேரம் சேமிப்பது உயிரியலின் இரண்டாவது வேலை; 2025-இல் இயற்பியல் பகுதி எவ்வளவு பாடு படுத்தியது என்று எழுதியவர்களைக் கேட்டால் தெரியும். இருவர் மொத்த மதிப்பெண் சமமாக எடுத்தால் உயிரியலில் கூடுதலாக எடுத்தவருக்கே முன்னிடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் தவறான விடைகளை அந்த மூன்று குவியலாகப் பிரியுங்கள். சரியான விடை என்ன என்று மட்டும் எழுதி வைக்காமல், "நான் குறித்த விடை ஏன் எனக்குச் சரி என்று தோன்றியது" என்று ஒரு வரி எழுதுங்கள். டிப்ளோடீன் என்று குறித்தேன், ஏனெனில் கயாஸ்மாவையும் குறுக்கேற்றத்தையும் ஒன்று என்று நினைத்தேன். இந்த ஒரு வரிதான் அடுத்த அட்டவணைக்கான தலைப்பு. மூன்றாவது குவியலுக்கு மருந்து எளிது: "தவறான", "பொருந்தாத", "தவிர" என்ற சொல்லை வினாத்தாளில் வட்டமிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது.

ஊகித்து எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால், கணக்குப்படி சராசரியாகக் கால் மதிப்பெண் கிடைக்கும். அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை, இழப்பும் பெரிதில்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண். அங்கே விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம். பயிற்சித் தேர்விலேயே ஊகித்த வினாக்களுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்து, எத்தனை பலித்தது என்று பாருங்கள். உங்கள் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஓஎம்ஆர் தாளில் பேனாவால் ஒரு முறை நிரப்பினால் மாற்ற முடியாது. அதனால் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எல்லாவற்றையும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்தவர்கள் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் காலக்கணக்கு. பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது, நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. நடுவே ஐந்து வாரம் போலக் கிடைக்கும். அந்த ஐந்து வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், அட்டவணைத் தாள்களும் முழுத் தேர்வுகளும் மட்டும் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஜனவரிக்குள் 32 பாடங்களின் வெள்ளைத் தாள் வேலை ஒரு சுற்று முடிய வேண்டும். வாரம் இரண்டு பாடம் என்றால் நான்கு மாதம். உங்களிடம் இருக்கும் தவறான 24 விடைகளில் இருந்தே தொடங்குங்கள். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று அவையே சொல்லும்.